ஏழு என்று படித்த ஒன்று

எங்கள் வட்டாரத்தில் பழைய வாட்ச் சேர்ப்பவர்கள் சிலர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்காமலே அதில் சேர்த்துவிட்டார்கள். காரைக்கால் பாரதியார் வீதியில் ஒரு வாட்ச் கடையில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்து, பழைய வாட்ச்களை இனம் பார்த்து விலை சொன்னவன் நான். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. தருமபுரத்தில் வீட்டோடு இருக்கிறேன். குழுவில் வரும் படங்களைப் பார்ப்பேன், வாயைத் திறக்கமாட்டேன்.

போன வாரம் குமரவேல் என்ற வங்கி அதிகாரி ஒரு படம் போட்டார். சேர்க்க ஆரம்பித்து நான்கு மாதம்தான் ஆகிறது அவருக்கு. வாட்சின் பின்மூடி புது எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளத்தது. கீழே எழுதியிருந்தார்: "பின்னாடி யாரோ பேரும் நம்பரும் வெட்டி வச்சிருந்தாங்க. பாலிஷ் போட்டு எடுத்தாச்சு. இப்ப என்ன விலை போகும்?" அதற்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் "உருப்படாத வேலை" என்று எழுதி அனுப்பிவிட்டேன். நாற்பத்தைந்து வயது மனிதரை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் சாயங்காலமே போன் செய்தார்.

"திட்டுனது பரவாயில்ல சார். எப்படிப் பாக்கணும்னு எழுதிக் குடுங்க. எல்லாரும் படிச்சுக்குவோம்."

எழுதுகிறேன். ஆனால் நான் எழுதப்போவது அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது.

நான் இந்த ஊர்க்காரன் இல்லை. பூவத்தைத் தாண்டி, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் பிறந்தவன். ஐடிஐ முடித்துவிட்டு வேலை தேடி வந்தபோது சாரங்கபாணி முதலாளி என்னைக் கடையில் சேர்த்துக்கொண்டார். முதல் மூன்று வருஷம் சுவர்க் கடிகாரம் துடைத்தேன், ஸ்ட்ராப் மாற்றினேன், கடலோரக் கருக்களாச்சேரியிலிருந்து வரும் வாட்ச்களில் உப்பு சுரண்டினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். யாராவது பழைய வாட்சை விலை பார்க்கக் கொண்டுவந்தால் முதலில் வாட்சைப் பார்க்கமாட்டார், கொண்டுவந்தவரின் மணிக்கட்டைப் பார்ப்பார். ஸ்ட்ராப் தடம் இருந்தால் அது அவர் கட்டிய வாட்ச். இல்லாவிட்டால் யாருடையது என்று கேட்பார். மேஜையில் ஒரு மஞ்சள் துணியை விரிப்பார். அவர்களே அதன் மேல் வைத்துக் கையை எடுக்கும்வரை தொடமாட்டார்.

பிறகு காதில் வைத்துக் கேட்பார். சாவியை இரண்டு சுற்று மட்டும் கொடுப்பார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு டயலில் இருக்கும் எழுத்தைப் பார்ப்பார். மறுபடி பெயிண்ட் அடித்த டயலில் எழுத்து தடித்திருக்கும், வரிகள் கோணலாகப் போகும். பாதி வாட்ச்கள் அங்கேயே தோற்றுவிடும். அப்புறம் ஸ்ட்ராப் மாட்டும் காதுகள். முலாம் போட்டதாக இருந்தால் காதின் ஓரத்தில்தான் முதலில் பித்தளை எட்டிப்பார்க்கும். கடைசியில்தான் பின்மூடியைத் திறப்பார். உள்ளே மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் மூடியின் உட்புறத்தைப் பார்ப்பார். பழுது பார்த்தவர்கள் ஊசியால் கீறிய அடையாளம் அங்கே இருக்கும். எத்தனை தரம் திறந்தது, எத்தனை கை மாறியது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

விலையை வாயால் சொல்லமாட்டார். சின்னக் காகிதத்தில் பென்சிலால் எழுதிக் கவிழ்த்துத் தள்ளுவார். திருப்பிப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பவர்களிடம், "புடிச்சா குடுங்க, புடிக்கலன்னா பத்திரமா வச்சுக்குங்க" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு பேரேடு உண்டு. டயலில் இருக்கும் எழுத்து, மூடியில் இருக்கும் எண், எங்கே கீறல், எங்கே நசுக்கல், எல்லாவற்றையும் எழுதிய பிறகுதான் கருவியைக் கையில் எடுக்க வேண்டும். "எழுதினியா கலியா?" என்று ஒரு நாளைக்கு இருபது தரமாவது கேட்பார். கலியமூர்த்தி என்ற பேரை அவர் முழுசாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

புதிதாகச் சேர்ப்பவர்கள் எழுத்தைப் பார்த்து ஏமாறுவது இன்றைக்கு ஆரம்பித்த வழக்கம் இல்லை. எங்கள் ஊரில் பிரெஞ்சு எழுத்துப் போட்ட வாட்ச்கள் நிறையச் சுற்றும். மூடியில் 'ஃபோன் அசியே' என்று வெட்டியிருந்தால் அதை ஏதோ பெரிய கம்பெனி பேர் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். அடிமூடி மட்டும் எஃகு என்று அர்த்தம். மற்றதெல்லாம் பித்தளைதான் என்று கம்பெனியே நாசூக்காக ஒத்துக்கொள்கிறது. டயலில் '15 ரூபி' என்று இருந்தால் இன்னும் மோசம். பதினைந்து மாணிக்கக் கல் உள்ளே இருப்பதாக ஒரு குடும்பமே பாகப்பிரிவினைச் சண்டையோடு கடைக்கு வந்தது. அவை சக்கரத்தின் அச்சு தேயாமல் இருக்க வைக்கும் கடுகளவுக் கற்கள். நான் அதை எடுத்துச் சொன்னபோது அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் என்னைத் திட்டினார்கள். சமாதானம் ஆகிப் போனார்கள் என்று நினைக்கிறேன்.

முதலாளி ஒரே ஒரு தரம் தவறு செய்து நான் பார்த்திருக்கிறேன். பூவத்திலிருந்து வந்த ஒரு விவசாயியின் வாட்சை முலாம் என்று நினைத்து வாங்கிவிட்டார். மறுநாள் காலையில் சுத்தம் செய்யும்போது அது முழுத் தங்கக் கூடு என்று தெரிந்தது. நல்ல மழை. கடையைச் சாத்தச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். மழை விட்டதும் போகலாமே என்றேன். "தப்பு தெரிஞ்சதுக்கப்புறம் ஒரு நாள் வச்சிருந்தா அது தப்பு இல்லடா, திருட்டு" என்று சொல்லிவிட்டுக் குடையைக்கூட எடுக்காமல் போனார். வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மத்தியானம் தொப்பலாக நனைந்து வந்தார். இருமல் விட மூன்று வாரம் ஆனது.

இன்னொரு வழக்கமும் கடையில் இருந்தது. பேர் வெட்டிய வாட்ச் விற்காது. சீர்வரிசைப் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி அந்தக் காலத்தில் வாட்சிலும் வெட்டுவார்கள். அடுத்தவர் பேர் இருக்கிற குடத்தை எவர் வாங்குவார்? அதனால் விற்பதற்கு முன் மூடியை உப்புத்தாளால் தேய்த்து, பஃப் சக்கரத்தில் பிடித்து எடுத்துவிடுவோம். எனக்கு அதில் நல்ல கை. நான் பாலிஷ் போட்ட மூடியில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலாளி கண் ஆபரேஷனுக்காகப் புதுச்சேரி போயிருந்தார். கடையில் நான்தான் பெரியவன். சுலைகா நாச்சியா என்ற அம்மா கைக்குட்டையில் முடிந்த ஒரு வாட்சைக் கொண்டுவந்தார். ஐம்பது, ஐம்பத்திரண்டு வயதிருக்கும். என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். பெரிய பள்ளிவாசல் பக்கத்தில் வீடு.

"இத விக்கக் கொண்டாரல தம்பி. என்ன வெல பெறும்னு மட்டும் சொல்லுங்க."

"விக்கலன்னா வெல எதுக்கும்மா?"

அவர் உட்கார்ந்துகொண்டார். வாட்ச் அவருடைய தகப்பனார் யூசுப் கட்டியது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போனவர். எங்கள் ஊரில் அப்படிப் போனவர்களைச் சொல்தா என்பார்கள். அவர் கப்பல் ஏறியபோது இந்த அம்மா தாய் வயிற்றில். அதற்குப் பிறகு கடிதம் இல்லை, ஆளும் இல்லை. குழந்தை தவழ்கிற சமயத்தில் கூட இருந்த சொல்தா ஒருவர் வந்து, யூசுப் கொடுக்கச் சொன்னார் என்று இந்த வாட்சைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை.

"ஊர்ல என்ன பேசுனாங்க தெரியுமா தம்பி? அங்க ஒருத்தியக் கட்டிக்கிட்டு வசதியா இருக்காரு, வாட்சக் கழட்டி அனுப்பி எங்கள முடிச்சுவுட்டுட்டாருன்னு பேசுனாங்க. எங்க உம்மா நம்பல. உசுரோட இருந்தா அவுங்க வராம இருக்கமாட்டாங்கன்னு சொல்லிட்டு, வருசா வருசம் ரஜப் மாசத்துல, எறந்தவங்களுக்கு ஓதுற மாதிரி வாப்பா பேருக்கு பாத்திஹா ஓதி, சோறாக்கிப் போடுறாங்க. இன்னி வரைக்கும்."

"சரிம்மா."

"இப்ப துபாய்ல இருக்கிற எம் மருமவன் இதப் படம் புடிச்சு யார்கிட்டயோ காட்டிருக்காரு. இது லச்சக் கணக்குல போவுமாம். போனா என்ன அர்த்தம்? வாப்பா அங்க பணக்காரரா இருந்திருக்காங்க. ஊரு சொன்னது நெசம். அதான் கேக்க வந்தேன்."

எத்தனையோ பேருக்கு விலை சொல்லியிருக்கிறேன். ஒரு மனிதன் பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடினானா இல்லையா என்று வாட்சை வைத்துச் சொல்லச் சொன்னவர் இவர் ஒருவர்தான். மஞ்சள் துணியை விரித்தேன். முதலாளி செய்வது போலவே ஒவ்வொன்றாகச் செய்தேன்.

டயலில் யாரும் கேள்விப்படாத ஒரு சுவிஸ் பேர். கீழே பொடி எழுத்தில் 15 ரூபி. கூடு பித்தளை, மேலே குரோமியம் பூச்சு. அடிமூடி மட்டும் எஃகு. மூடியின் வெளிப்பக்கம் ஓர் ஐந்து இலக்க எண் மேலோட்டமாக வெட்டியிருந்தது. பேரேட்டில் எழுதினேன்: 74727. கடைசி ஏழின் நடுவில் குறுக்கே சிறு கீறல். அதையும் விடாமல் எழுதினேன். உள்ளே பல கம்பெனிகள் பொதுவாக வாங்கிப் போடும் சாதாரண மெஷின். மூடியின் உட்புறம் ஓர் அடையாளமும் இல்லை. ஒரு தரம்கூடப் பழுதுக்குப் போகவில்லை. காதுகளில் பூச்சு கொஞ்சமும் தேயவில்லை. தோல் ஸ்ட்ராப்பில் கம்பெனி போட்ட துளைகளைத் தாண்டி ஆணியால் குத்திய ஒரு துளை. அந்தத் துளையில் மட்டும்தான் தடம்.

"உங்க வாப்பா ரொம்ப ஒல்லியாம்மா?"

"உம்மா சொல்வாங்க. சட்டைக்குள்ள காத்துதான் இருக்கும்னு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் சொன்னேன். இது பட்டாளத்து ஆட்கள் கடைத்தெருவில் வாங்குகிற மலிவு வாட்ச். வாங்கிய ஆள் அதிக நாள் கட்டவில்லை. பல மாதம் கட்டியிருந்தால் காது தேய்ந்திருக்கும், வேர்வையில் ஸ்ட்ராப் கறுத்திருக்கும். காகிதத்தில் விலையை எழுதிக் கவிழ்த்துத் தள்ளினேன். அவர் திருப்பிப் பார்த்தார். ஒரு நல்ல சேலை வாங்கக்கூடக் காணாத தொகை. அவர் கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. விலை குறைவு என்று சந்தோஷப்பட்ட ஒரே ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நல்லா இருப்பீங்க தம்பி. இதப் போயி உம்மாட்ட சொல்லணும்."

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். வாட்சை ஓடவைத்துத் தருகிறேன், இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றேன். காசு வேண்டாம் என்றும் சொன்னேன். எண்ணெய் போட்டு ஓடவிட்டேன். மூடி மங்கலாக இருந்தது. ஐம்பது வருஷமாக ஒரு பெண் காத்துவந்த வாட்ச் இப்படியா இருக்க வேண்டும் என்று தோன்றியது. கை அரித்தது. உப்புத்தாளை எடுத்தேன்.

வாங்க வந்தபோது அவர் மூடியைக் கட்டைவிரலால் தடவினார். "இங்க என்னமோ எழுத்து இருந்துச்சே தம்பி."

"அது கம்பெனி நம்பர்மா. எழுதி வச்சிருக்கேன்."

அவர் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். முதலாளி திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். எழுதினியா என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். கண்ணில் கட்டுடன் தலையை ஆட்டினார். மூடியில் இருந்ததை அவர் ஒரு தரம் பார்த்திருந்தால் போதும்.

மூன்று மாதம் கழித்து சுலைகா அம்மா வேகமாக வந்தார். புதுச்சேரியில் அவர் உறவுக்காரர் ஒருவர், பழைய சொல்தா, விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறார்: பட்டாளத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு, மத்ரிக்குல் என்பார்கள், ஆட்கள் அதை வாட்சில் வெட்டிக்கொள்வார்கள், அந்த எண்ணைப் போட்டுப் பிரான்சுக்கு எழுதினால் ஆள் என்ன ஆனார் என்று பதில் வரும். பேரை வைத்து எழுதினால் வராது, அந்தப் பேரில் எத்தனையோ பேர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனி எண் என்றால் அச்சில் அடித்தது, எல்லா இலக்கமும் ஒரே ஆழத்தில் இருக்கும். இது கையால் வெட்டியது, ஏற்ற இறக்கமாக இருந்தது. டயல் எழுத்தில் மயிரிழை தடிப்பைக் கண்டுபிடிக்கிறவன் இதைக் கோட்டை விட்டிருக்கிறேன். ஆனாலும் பேரேடு இருக்கிறதே. எடுத்துக் காட்டினேன். அவர் 74727 என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கு எனக்குக்கூடப் பெருமையாகத்தான் இருந்தது.

பதில் வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் முதலாளி காலமாகிவிட்டார். கடையை அவர் மகன் எடுத்துக்கொண்டார். பதில் வந்து ஒரு மாதத்துக்கு மேல் கழித்து சுலைகா அம்மா கடைக்கு வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. படியிலேயே நின்றார்.

"நீங்க சொன்ன வெல சரிதான் தம்பி. ஆளுதான் சரியில்ல."

அந்த எண்ணுக்கு உரிய முகமது என்பவர் பணிக்காலம் முடிந்து உயிருடன் விடுவிக்கப்பட்டார் என்று கடிதத்தில் இருந்ததாம். யூசுப்பின் முழுப்பேர் முகமது யூசுப். கடிதத்தில் முகமதுக்குப் பின்னால் வேறு ஏதோ இருந்திருக்கிறது. நம் ஊர்ப் பேர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் கன்னாபின்னாவென்று எழுதுவார்கள் என்று, படித்துச் சொன்னவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"உம்மாட்ட சொல்லாம இருந்திருக்கலாம். கேட்டுக்கிட்டே இருந்தாங்க, சொல்லிப்புட்டேன். இந்த ரஜப்புக்குச் சட்டிய அடுப்புல ஏத்தல. ஏன்ம்மான்னு கேட்டேன். உசுரோட இருக்கிற ஆளுக்கு எதுக்கு பாத்திஹான்னுட்டாங்க."

உட்காரச் சொன்னேன், அவர் போய்விட்டார். யூசுப்பின் மேல் எனக்கு அன்றைக்குக் கோபம்கூட வந்தது. ஸ்ட்ராப்பில் ஆணித்துளை போட்ட ஒல்லி ஆள் இப்படிச் செய்துவிட்டானே என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் லூர்துசாமி ஐயா என்ற பெரியவர், பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு வாட்சைப் பழுதுக்குக் கொடுத்தார். போன் எண்ணைத் தானே ரசீதில் எழுதினார். வேலை முடிந்ததும் அந்த எண்ணுக்குப் பேசினால் எங்கோ வெளியூர்க்காரர் எடுத்து எரிந்து விழுகிறார். நான்கு நாள் கழித்துப் பெரியவர் தானே வந்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். ரசீதைக் காட்டினேன்.

"ஏழு ஏழுன்னு எழுதியிருக்கீங்க ஐயா. அதுக்குத்தான் போட்டேன்."

"எங்கய்யா ஏழு? இது ஒண்ணு. ஒண்ணுக்கு மேல மூக்கு நீட்டி எழுதுவோம். ஏழுன்னா வயித்துல குறுக்க ஒரு கோடு போடுவோம். பிரெஞ்சுல படிச்சவன் எல்லாம் அப்படித்தான். இத்தன வருசமா இந்த ஊர்ல இருக்க, இது தெரியாதா?"

தெரியாது. நான் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன். முதலாளியும் கடையில் எல்லோரும் எழுதுகிற மாதிரிதான் எழுதுவார். பெரியவர் போனதும் பழைய பேரேட்டை எடுத்தேன். 74727. கடைசி ஏழின் நடுவில் குறுக்கே சிறு கீறல். என் கையெழுத்துதான். கீறல் இல்லை அது, கோடு. கோடு போட்டது ஏழு. கோடு இல்லாத இரண்டும் ஒன்று. யூசுப்பின் எண் 14127. சந்தேகப்படுவதற்கு அதில் இழையளவும் இடம் இல்லை. தேய்த்து எடுப்பதற்கு முன் எவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறேன் என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

குமரவேல், இனிமேல்தான் நான் எழுத உட்கார்ந்த விஷயம் வருகிறது.

சுலைகா அம்மா வீட்டுக்குச் சைக்கிளில் பத்து நிமிஷம். அன்றைக்குக் கடை சாத்த நேரமாகிவிட்டது என்று போகவில்லை. மறுநாள் போனால் என்ன சொல்வது என்று யோசித்தேன். உங்கள் உம்மா ஐம்பது வருஷம் நம்பியதை நான் இரண்டு ஏழில் உடைத்துவிட்டேன் என்றா? கடைப் பேர் என்ன ஆகும் என்று ஒரு நாள் நினைத்தேன். வெள்ளிக்கிழமை தொழுகை நாள், போகக்கூடாது என்றேன். அடுத்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். முதலாளியின் மகனிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தேன், அவர் ஊரில் இல்லை. அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? பயம், வேறொன்றும் இல்லை. அந்த அம்மா படியில் நின்று பேசிய முகத்தை மறுபடி பார்க்கப் பயந்தேன். முதலாளி இருந்திருந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்.

பதினேழாம் நாள் காலை பத்து மணிக்குக் கடை வாசலில் ஒரு ஜனாஸா ஊர்வலம் போனது. உடல் வைத்த சந்தூக்கைத் தோள் மாற்றிக்கொண்டு வேகமாகப் போனார்கள். எழுந்து நின்றேன். யார் என்று பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டேன். சுலைகா நாச்சியாவின் உம்மா என்றார்.

அதற்கும் ஒன்பது நாள் கழித்துத்தான் போனேன். இருபத்தாறாம் நாள். பேரேட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ரசீதையும் காட்டினேன், மூக்கு நீட்டிய ஒன்றையும் கோடு போட்ட ஏழையும் எழுதிக் காட்டினேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் அந்தப் பக்கத்தில் இருந்த எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"அப்ப அந்தக் கடுதாசி வாப்பாவப் பத்தி இல்ல."

"இல்லம்மா."

"உம்மா கடைசில ரெண்டு நாளா நெனவோட இருந்தாங்க தம்பி. எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்புட்டாங்க. தம்பி மவன், பேத்தி, அடுத்த வீட்டு ஆளுங்க, எல்லாரையும். வாப்பா பேர மட்டும் சொல்லல. நான் எடுத்துக் குடுத்தேன். மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சிச்சு?"

கேட்டதில் குற்றம் சாட்டுகிற தொனி எதுவும் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நேத்து சாயந்தரம்மா" என்றேன்.

"தெரிஞ்ச ஒடனே வந்துட்டீங்க. வேற யாராச்சும்னா அமுக்கிப்புட்டுப் போயிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு எனக்குத் தேநீர் போட உள்ளே போனார்.

எண்ணைத் தவறாகப் படித்தது தெரியாமல் வந்த பிழை. மூடியைத் தேய்த்தது தொழில் திமிர். இரண்டுக்கும் நான் வருந்துகிறேன், ஆனால் இரண்டையும் வெளியில் சொல்லிவிடலாம். அந்தப் பதினேழு நாளில் எந்த நாளில் போயிருந்தாலும் ஒரு கிழவி தன் புருஷன் பேரை வாயால் சொல்லிவிட்டுச் செத்திருப்பாள். அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது.

புது எண்ணைப் போட்டு எழுதினார்கள். இந்தத் தரம் ஐந்து மாதத்தில் பதில் வந்தது. முகமது யூசுப், காரைக்கால். சைகோன் ராணுவ ஆஸ்பத்திரியில் விஷ ஜுரத்தில் இறந்தார், அங்கேயே அடக்கம். தேதியைப் பார்த்தால் மகள் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால்.

அந்த ரஜப் மாதம் சுலைகா அம்மா வாப்பா, உம்மா இரண்டு பேர் பேருக்கும் சேர்த்துப் பாத்திஹா ஓதிச் சாப்பாடு போட்டார். என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போகாமல் இருக்க ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. கூடத்தில் வரிசையாகச் சஹன் வைத்திருந்தார்கள், ஒரு பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர். துபாயிலிருந்து மருமகனும் வந்திருந்தார். சுலைகா அம்மா கதவோரம் நின்று என்னைக் காட்டி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வாப்பா நம்பரக் கண்டுபுடிச்சுக் குடுத்தது இவுங்கதான். தப்பு தெரிஞ்ச மறுநாளே ஓடியாந்து சொன்ன மனுசன்."

அப்போதும் நான் திருத்தவில்லை. ஒரு சஹனைச் சுற்றி மூன்று பேர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, அவர்களோடு சாப்பிட்டேன்.